அவ்ராமுக்குப் புரிந்த ஒரே இயந்திரம்

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கணவர் நெபோய்ஷா போன வாரம் சாப்பாட்டு மேசையிலேயே மயங்கி விழுந்தார். இன்று நோவி சாத் நகர ஆஸ்பத்திரியில் அவர் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைக்கிறார்கள். நான் கூட வரக் கூடாது என்று அவருக்குப் பிடிவாதம். இங்கே சோம்போரில், வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இறந்தவர்கள் நாள் வேறு, கல்லறையில் சாராயம் ஊற்றிக் கும்பிடும் நாள். ரக்கியா என்கிற பழச்சாராய பாட்டிலோடு போய் அவ்ராம் தேஷிச்சின் கல்லறையருகே உட்கார்ந்தேன். நூறு வருடம் முன்பு செத்த எங்கள் ஊர் நாவலாசிரியர். அவருக்கு ஊற்றுவதற்கு வாரிசு கிடையாது. (எதிரெதிர் ஜன்னல் வழியே அடிக்கும் குறுக்குக் காற்று ஆளைக் கொல்லும் என்பார்கள் எங்கள் பக்கம்; ஈரத்தலையோடு அதில் நின்றுதான் இவர் செத்தார் என்று ஊரே நம்புகிறது. நானும்தான்.)

2

அவரோடு பேசுவதாகக் கதையின் தொடக்கம்: ‘ஐயா, இப்போதெல்லாம் பாலைக் கெடாமல் வைக்க ஒரு பெட்டி’

வேண்டாம். பயந்து கிடப்பவள் பாலைப் பற்றியா பேசுவாள்? அவருக்குப் போனைக் காட்டினேன்.

“இது என்னம்மா?”

“செய்தி அனுப்பறது ஐயா. ‘முடிஞ்சுதா?’ன்னு என் வீட்டுக்காரரைக் கேட்டிருக்கேன். ஒரு டிக் விழுந்தா இங்கேருந்து போயிடுச்சு. ரெண்டு விழுந்தா அங்க சேர்ந்துடுச்சு.”

“இப்ப எத்தனை?”

“ஒண்ணு.”

“அவருக்கு என்ன?”

“நெஞ்சு நின்னா தட்டி எழுப்ப உள்ள ஒரு மெஷின் வைக்கிறாங்க.”

“அப்ப கதையில யாரைத்தான் சாகடிப்பீங்க?”

(இவ்வளவு கிண்டலாகப் பேசுவாரா? சந்தேகம்தான். பேசட்டும். துணைக்கு ஆள் வேண்டும்.)

3

அவர் நாவல்களில் செய்தி எப்போதும் அடக்கம் முடிந்துதான் வரும். எனக்கும் அப்படியொரு முடிவைச் சொன்னார்: இரண்டாவது டிக் விழவே இல்லை, அவள் மிச்ச ரக்கியாவையும் மண்ணில் ஊற்றுகிறாள். நல்ல முடிவு. எழுத்தாளராகப் பிடித்திருந்தது. மனைவியாக அந்தக் கல்லை எட்டி உதைக்கலாம் போலிருந்தது.

என் முடிவு: ‘மாலை வெயில் கல்லின் மேல் சாய்ந்தபோது அவள்…’

போன் அதிர்ந்தது. நெபோய்ஷாவின் செய்தி.

“ரூஷா, முடிஞ்சுது. ஏசி நேரா என் கழுத்துல அடிக்குது. எதிர்ல ஜன்னல் வேற திறந்திருக்கு. மெஷினை வச்சுட்டு இப்ப காத்து விட்டுக் கொல்லப் பாக்கறாங்க. டாக்டர்கிட்ட சொல்லு.”

அழுதேன். அழுதுகொண்டே சிரித்தேன். பக்கத்துக் கல்லறைகளுக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஏசின்னா?”

“குளிர்காத்து ஊதற பெட்டி ஐயா.”

“கழுத்துலயா?” அவர் குரலே மாறிவிட்டது. “இன்னும் என்னம்மா உட்கார்ந்திருக்க? போன் பண்ணு.”

4

கதை கெட்டுப்போய்விட்டது, எனக்குத் தெரியும். ஆள் பிழைத்துவிட்டார், குறையும் சொல்கிறார். என்னால் இதற்கு மேல் எழுத முடியாது, டாக்டர் போனை எடுத்துவிட்டார். முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எப்படி வேண்டுமானாலும். அந்த ஜன்னலை மட்டும் சாத்திவிடுங்கள்.