விகுதித் தகராறு

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. மதியம் மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு அரட்டைக்குப் போக, அவள் கைபேசியில் இணையக் கலைக்களஞ்சியத்தைத் திருத்திக்கொண்டிருப்பாள். சம்பளம் கிடையாது, நன்றி கிடையாது; திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். அங்கே அவள் பெயர் ‘கண்ணாடி’.

அன்று ஒரு நீச்சல் வீரரைப் பற்றிய கட்டுரை கண்ணில் பட்டது. முப்பத்துநான்கு வயது, கடலை நீந்திக் கடந்தவர், பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைந்தவர். களஞ்சியத்தில் மற்ற வீரர்கள் எல்லாரும் நீந்தினார், வென்றார். இவர் மட்டும் நீந்தினான், வென்றான். அவளுக்குச் சுருக்கென்றது. அத்தனை ‘ன்’களையும் ‘ர்’ ஆக்கிவிட்டு டீ குடிக்கப் போனாள். திரும்பி வருவதற்குள் எல்லாம் பழையபடி ‘ன்’ ஆகியிருந்தன.

மாற்றியவர் ‘ஒற்றுப்புள்ளி’. ஆள் யார் என்று யாருக்கும் தெரியாது; எங்காவது ஒரு ‘க்’ விட்டுப்போனால் மட்டும் வந்து குதிப்பார். காரணமும் எழுதியிருந்தார்: “நம் நடைக் கையேட்டின்படி குழந்தைகளுக்கு ‘ன்’, ‘ள்’. இவனுடைய மனம் குழந்தை மனம். அன்பாகத்தானே எழுதியிருக்கிறார்கள்?”

அன்பாம். இந்த அன்பை அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். அவளுடைய அண்ணனுக்கும் அதே பிறவிக் குறைதான். அம்மா போன பிறகு அவளோடு இருக்கிறான். வயது நாற்பத்தொன்று. ஹோட்டலின் சலவைப் பிரிவில் துண்டு மடிக்கிற வேலை. அவன் மடித்தால் ஓரம் பிசகாது. ஊருக்கு அவன் ‘குட்டி’. நேற்று வேலைக்குச் சேர்ந்த பஸ் கண்டக்டர்கூட “தள்ளி நில்லுடா” என்பான். குட்டி சிரித்துக்கொண்டே தள்ளி நிற்பான். அவளுக்குத்தான் வயிறு எரியும்.

கட்டுரையோடு இணைந்த பேச்சுப் பக்கத்தில் விவாதம் தொடங்கியது. அங்கே வாக்கெடுப்பு கிடையாது. எதிர்ப்பவர் தாமாக “எனக்கு மறுப்பில்லை” என்று சொல்லும்வரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஜவ்வாக இழுக்கும். எல்லாருக்குமே ‘ர்’ போட்டுவிடுவோம் என்றார் ஒருவர். “கைக்குழந்தை தவழ்ந்தார் என்று எழுதுவோமா?” என்று ஒற்றுப்புள்ளி கேட்டதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இன்னொருவர், மருத்துவச் சான்றைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார். சிரிப்பு போய்விட்டது.

“பிறந்த ஆண்டைப் பார்ப்போம், வேறெதையும் பார்க்க வேண்டாம். பதினெட்டு முடிந்தால் ‘ர்’” என்று எழுதினாள். எழுதுகிற கோபத்தில் அண்ணனைப் பற்றியும் கொட்டிவிட்டாள்.

மறுநாள் ஒற்றுப்புள்ளி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “வீட்டில் நீங்கள் அவரை எப்படிக் கூப்பிடுகிறீர்கள்?”

பொய் சொல்லலாம், யார் வந்து பார்க்கப் போகிறார்கள். “வாடா, போடா” என்று எழுதினாள். வெட்கமாக இருந்தது. காரியம் கெட்டது என்றே நினைத்தாள்.

“வீட்டில் அப்படியே கூப்பிடுங்கள். அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவு. ஆனால் வெளியார், நாம் எழுதுவதைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். இதை நான் யோசிக்கவில்லை. எனக்கு மறுப்பில்லை.”

எல்லா ‘ன்’களையும் ஒற்றுப்புள்ளியே ‘ர்’ ஆக்கினார். போகிற போக்கில் அவள் விட்டிருந்த ஒரு ‘க்’கையும் சேர்த்துவிட்டுப் போனார். பின்னறையில் உட்கார்ந்து அவள் கொஞ்சம் அழுதாள். ஒரே ஒரு எழுத்துக்காக.

அந்த வாரமே குட்டிக்குப் பல்வலி. பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருந்த பெண், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் தங்கையிடம் கேட்டாள்.

“இவனுக்கு எத்தனை நாளா வலி?”

“அவருக்கு ரெண்டு நாளா வலி. எதுன்னாலும் அவர்கிட்டயே கேளுங்க, சொல்லுவார்.”

குட்டி திரும்பிப் பின்னால் பார்த்தான். அங்கே யாரும் இல்லை.

“யாருடி அவரு?”

“நீதான்டா.”

அவன் நம்பவில்லை. இன்னொரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டான். அதற்குள் அந்தப் பெண் கணினியை விட்டு நிமிர்ந்து, நேராக அவன் முகத்தைப் பார்த்தாள்.

“எந்தப் பல்லுங்க வலிக்குது?”

அண்ணன் முதலில் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு வாயைத் திறந்து, வலிக்கிற பல்லைத் தொட்டுக் காட்டினார்.