புள்ளடி போட்ட கை

தேர்தல் வந்தால் அவுஸ்திரேலியாவின் நோபல் பார்க்கில் முதலில் முளைப்பது சுவரொட்டி அல்ல, கம்பு. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஓடும் பெரிய வீதிக்கு இரண்டு ஆட்கள் வருவார்கள். முக்காலியில் ஒரு கருவியை நிறுத்தி, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, சிவப்பு நாடா கட்டிய கம்புகளை இரு கரையிலும் அடித்துவிட்டுப் போவார்கள். இந்த இடத்தில் சிக்னல் விளக்கு வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாகும். தேர்தல் முடிந்த அடுத்த கிழமை கம்புகளைக் காணக் கிடைக்காது. யார் பிடுங்கினார்கள் என்பது பிசாசுக்குத்தான் தெரியும்.

மார்கரெட் அருமைநாதன் 1970இல் லண்டனிலிருந்து இந்த ஊருக்கு வந்து இறங்கிய கிழமையே கம்பு முளைத்திருந்தது. மூன்று வருடம் கழித்து மறுபடி முளைத்தது. இப்போது 1976, மாசி மாதம், மூன்றாம் தடவையாக முளைத்தபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அரசியல்வாதிகளைப் பார்த்துச் சிரிப்பதோடு நிறுத்திக்கொள்வது என்று அவள் முடிவு கட்டிப் பல காலம்.

அந்த முடிவு லண்டனில் கட்டியது. கிழக்கு லண்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த காலத்தில், தொழிலாளர் பக்கம் நிற்கிறோம் என்று சொன்ன கட்சிக்காகப் பனிக்குள் படியேறிப் படியேறித் துண்டுப் பிரசுரம் கொடுத்தவள் அவள். அந்தத் தொகுதியின் எம்.பி. அவளுடைய குசினிக் கதிரையில் இருந்து மீன் கட்லட் சாப்பிட்டிருக்கிறார். கீழ்வீட்டுக் குஜராத்திப் பெண்ணின் தாயும் தகப்பனும் அப்போது நைரோபியில் நின்றார்கள். கையில் பிரிட்டிஷ் பாஸ்போட். ஆனால் அந்தப் பாஸ்போட்டுக்கே கதவைச் சாத்தும் சட்டம் ஒன்று வரப்போகிறது என்று கதை அடிபட்டது. மார்கரெட் எம்.பி.யிடம் நேராகக் கேட்டாள். அவர் நெஞ்சில் கையை வைத்து, "அதை என்னிடம் விட்டுவிடுங்கள்" என்றார். இன்னொரு கட்லட்டும் எடுத்தார். சட்டம் வந்தபோது அதை ஆதரித்து வாக்களித்தார்.

இரண்டு மாதம் கழித்து உள்ளூராட்சித் தேர்தலுக்கு ஆதரவு கேட்டு அதே மனிதர் அதே சிரிப்போடு கதவைத் தட்டினார். எதிர்க்கட்சிக்காரரோ அந்தச் சட்டமே போதாது, இன்னும் இறுக்க வேண்டும் என்று மேடை போட்டுக் கத்தினார்கள். ஆற்றைக் கடக்கும்வரைதான் அண்ணன் தம்பி என்பது மார்கரெட்டுக்கு அன்றைக்கு விளங்கியது. அவள் கதவைத் திறக்கவில்லை. இனி இந்தக் கூட்டத்தில் ஒருவனையும் நம்புவதில்லை என்று வேதப் புத்தகத்தில் கைவைத்துச் சொன்னாள்.

அவுஸ்திரேலியாவில் ஒரு கரைச்சல் இருந்தது. இலங்கையில் பிறந்தவளானாலும் பிரிட்டிஷ் பிரஜை என்ற கணக்கில் அவளுக்கு இங்கே வாக்கு உண்டு. உண்டு என்பதல்ல, போட்டே ஆக வேண்டும், போகாவிட்டால் தண்டம். ஆகவே மார்கரெட் ஒவ்வொரு முறையும் போவாள், வாக்குச்சீட்டை வாங்குவாள், பென்சிலைத் தொடாமல் வெறுந்தாளாகவே மடித்துப் பெட்டிக்குள் போடுவாள். சட்டத்துக்கும் மரியாதை, சத்தியத்துக்கும் மரியாதை.

கம்பு முளைத்த கிழமையே ஒரு பின்னேரம் மகள் ரஞ்சினி பள்ளிக்கூடப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். பையின் ஒரு பட்டி அறுந்திருந்தது. வீதியைக் கடக்கும்போது ஒரு லொறியின் பக்கத்துக் கொக்கி கொளுவி இழுத்ததாம். ஒன்பது வயதுப் பிள்ளை அதை வேடிக்கைக் கதை போலச் சொன்னது.

"இட்ஸ் ஒன்லி த பாக், மம்" என்றாள்.

மார்கரெட் பிள்ளையை இழுத்துத் தோள், முதுகு எல்லாம் தடவிப் பார்த்தாள். டன்டினோங்கில் அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கு லொறியில் அடிபட்ட பிள்ளைகள் வருவதுண்டு. அந்தப் பிள்ளைகளின் சப்பாத்தைக் கழற்றுகிற கை அவளுடைய கை. விடியமுன் வேலைக்குப் போகிறவள் அவள், கார்த் தொழிற்சாலையில் பாகங்களின் வரைபடம் வரைகிற கணவர் அருமைநாதனும் அப்படித்தான். காலையில் அந்த வீதியைப் பிள்ளை தன்பாட்டில்தான் கடக்க வேண்டும், மாலையில் தாயின் வேலை நேரத்தோடு முடிந்தால்தான் துணை. அன்றோடு மார்கரெட்டின் சிரிப்பு நின்றது.

அடுத்த வியாழன் பள்ளி மண்டபத்தில் வேட்பாளர்கள் மூவரும் பேசினார்கள். நடுவில் இருந்தவர் மாநிலச் சபையில் அந்தத் தொகுதிக்குப் பல வருடமாக உறுப்பினர். மார்கரெட் எழும்பினாள்.

"ஐயா, போன தேர்தலுக்கும் கம்பு நட்டீர்கள். அதற்கு முந்தினதுக்கும் நட்டீர்கள். கம்பு வேர்விடாது. விளக்கு எப்போது வரும்?"

மண்டபம் சிரித்தது. உறுப்பினரும் சிரித்தார். பிறகு நெஞ்சில் கையை வைத்தார்.

"அதை என்னிடம் விட்டுவிடுங்கள், அம்மணி."

மார்கரெட்டுக்கு உச்சந்தலை கொதித்தது. ஆள் வேறு, கட்சி வேறு, கடல் வேறு, ஆனால் கை அதே இடத்துக்குத்தான் போகிறது! மற்ற இருவரையும் கேட்டாள். ஒருவர் தம்முடைய கட்சி ஒரு குழு அமைத்து ஆராயும் என்றார். மூன்றாமவர் மோட்டார் வாகனமே ஒரு பாவம் என்று தொடங்கியவர் இலேசில் நிறுத்தவில்லை.

பக்கத்துக் கதிரையில் இருந்த டொரீன் அவளுடைய காதுக்குள் குனிந்தாள். டொரீன் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்திலிருந்து வந்தவள், அடுத்த வீட்டுக்காரி. அவளுடைய மகனும் ரஞ்சினியின் வகுப்புத்தான்.

"வீணாக மினக்கெடாதே. இதுகள் எல்லாம் ஒரே குட்டையில் ஊறின மட்டைகள். அங்கே இரண்டு கட்சியையும் பார்த்து வெறுத்துத்தானே கப்பல் ஏறினோம். நான் சீட்டில் மூலைக்கு மூலை பெரிய கோடாக இழுத்துவிட்டு வந்துவிடுவேன்."

தானும் வெறுந்தாள் போடுகிறவள் என்று சொல்ல மார்கரெட் வாயெடுத்தாள். அதற்குள் கண் மேடைக்குப் போனது. மேடையில் உறுப்பினர் சாவகாசமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்கு ஒரு குறையும் இல்லை. டொரீனின் கோடும் அவளுடைய வெறுந்தாளும் அவருடைய ஒரு மயிரைக்கூட அசைத்ததில்லை. கோபக்காரர் எல்லாரும் இப்படியே கோபித்துக்கொண்டிருந்தால் அவருக்குத்தான் சுகம். இத்தனை வருடமும் நான் ரோசம் என்று நினைத்தது இவருக்கு உபகாரமாகவல்லவா போயிருக்கிறது என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் சொன்னாள்.

"இஞ்சருங்கோ, இந்த முறை நான் வோட்டுப் போடப்போறன்."

அருமைநாதன் சோற்றுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தினார். "நீர் வேதப் புத்தகத்திலை சத்தியம் பண்ணின ஆளெல்லே?"

"ஓம். ஒருத்தனையும் நம்பமாட்டன் எண்டுதான் சத்தியம் பண்ணினனான். இப்பவும் நம்பேல்லை. நம்புறதுக்கும் வோட்டுப் போடுறதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அப்ப ஆருக்குப் போடப்போறீர்?"

"ஆருக்கும் இல்லை. இங்கத்தைய சீட்டிலை எல்லாப் பேருக்கும் விருப்ப வரிசையிலை ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு இலக்கம் போட வேணுமெல்லே? முதலாவது ஆரெண்டாலும் எனக்குக் காரியமில்லை. கதிரையிலை இருக்கிறவர் கடைசி. அவ்வளவுதான்."

"புதுசா வாறவன் மட்டும் திறமோ?"

"திறமில்லை. அவன் விளக்குப் போடாட்டி அடுத்த முறை அவன் கடைசி."

அருமைநாதன் சிரிக்கப் பார்த்தார். மனைவியின் முகத்தைக் கண்டதும் சோற்றைப் பிசைவதே புத்தி என்று விட்டுவிட்டார்.

மறுநாளே டொரீனைப் பிடித்தாள். டொரீன் லேசில் மடியவில்லை. கோடு இழுப்பது அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. கடைசியில் மார்கரெட் ரஞ்சினியின் அறுந்த பையைக் கொண்டுபோய் அவளுடைய மேசையில் வைத்தாள். டொரீன் அந்தப் பட்டியை எடுத்து, அறுந்த முனையை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு சப்பாத்தை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள். வேலை முடிந்து வந்த கையோடு இருவரும் பள்ளிக்கூட வாசலில் நிற்பார்கள். இத்தாலிக்காரிகள், கிரேக்கப் பெண்கள், ஆங்கிலேயப் பெண்கள், எல்லாரிடமும் பேச்சு ஒன்றுதான். யாருக்கு வேண்டுமானாலும் போடுங்கள், இந்த உறுப்பினரைக் கடைசியில் போடுங்கள். எந்தக் கட்சியையும் நம்பாதவர்களுக்கு இது நன்றாகப் பிடித்துக்கொண்டது.

அயலில் இருந்த தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணலாம். அவர்களையும் விடவில்லை. கணக்காளர் வரதராஜாவிடம் போனபோது அவர் பெருமையாகச் சொன்னார்.

"தங்கச்சி, வந்த நாளிலை இருந்து ஒரு எலெக்‌ஷனும் விடேல்லை. போய் வடிவாப் புள்ளடி போட்டிட்டுத்தான் வாறனான்."

"புள்ளடியோ? அண்ணை, குறுக்குக் கோடு போடுறது ஊரிலை. இஞ்சை இலக்கம் போட வேணும். புள்ளடி போட்டால் செல்லாது."

வரதராஜாவின் முகம் தொங்கிப்போனது. "அப்ப நான் இவ்வளவு காலமும்...?"

மார்கரெட் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்து நினைத்துச் சிரித்தாள். கணக்காளர், இலக்கத்தோடேயே பிழைப்பு நடத்துகிற மனிதர்! யாழ்ப்பாணத்தான் எங்கே போனாலும் புள்ளடியையும் கூடவே கொண்டுதான் போவான் என்று அருமைநாதனிடம் சொல்லி இன்னொரு முறை சிரித்தாள்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை தேர்தல். பள்ளிக்கூட முற்றத்தில் பெற்றோர் சங்கத்தார் கேக் விற்றார்கள். வரிசை வாசல் வரைக்கும் நின்றது. மார்கரெட் சீட்டை வாங்கிக்கொண்டு தட்டிமறைப்புக்குள் போனாள். நூலில் கட்டிய பென்சிலை இந்த நாட்டில் முதன்முதலாகக் கையில் எடுத்தாள். உறுப்பினரின் பெயர் நடுவில் இருந்தது. அதைக் கண்டதும் நெஞ்சில் வைத்த கை நினைவுக்கு வந்தது. லண்டன் குசினி வந்தது. அறுந்த பட்டி வந்தது. பற்களைக் கடித்துக்கொண்டு அவருடைய பெயருக்கு நேரே பென்சிலை அழுத்தினாள்.

பார்த்தால், புள்ளடி.

யாழ்ப்பாணத்தில் பழகின கை, லண்டனிலும் அதையே போட்ட கை. கோபம் வந்ததும் தனக்குத் தெரிந்ததைத்தான் போட்டிருக்கிறது. அதுவும் போயும் போயும் அந்த மனிதருக்கு நேரே! வரதராஜாவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இப்போது அவளைப் பார்த்துச் சிரித்தது. மடித்துப் போட்டுவிட்டுப் போனால் ஒருவருக்கும் தெரியாது. பழைய வெறுந்தாளோடு இதுவும் ஒன்றாகிப் போகும்.

ஆனால் ரஞ்சினி திங்கட்கிழமை காலை அந்த வீதியைக் கடப்பாள்.

மார்கரெட் சீட்டோடு திரும்பி நடந்தாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, பள்ளிக்கூட வாசலில் அவள் யார் யாருக்கெல்லாம் பாடம் நடத்தினாளோ அவர்களும் பார்க்க, மேசைக்கு முன்னால் போய் நிமிர்ந்து நின்றாள்.

"நான் பிழை விட்டுவிட்டேன். எனக்கு வேறு ஒன்று தாருங்கள்."

அதிகாரி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். பழைய சீட்டை வாங்கி இரத்துச் செய்தார், புதியதை நீட்டினார். அவ்வளவுதான். லண்டனில் விட்ட பிழைக்கு இப்படி ஒரு புதுத்தாள் யாரும் தரவில்லையே என்று மார்கரெட் நினைத்தாள். உள்ளே போய், பள்ளிப்பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒன்று, இரண்டு என்று ஆறுதலாக எழுதினாள். நடுப் பெயருக்கு நேரே மூன்று. நன்றாக அழுத்தித்தான் எழுதினாள்.

உறுப்பினர் தோற்கவில்லை. ஆனால் எப்போதும் அன்றிரவே வெற்றிப் பேச்சுப் பேசுகிற மனிதர் இந்த முறை ஒரு கிழமைக்கு மேலாக வாயைத் திறக்கவில்லை. மறுபடி மறுபடி எண்ணியதில் மயிரிழையில் தப்பினார். அந்தப் பள்ளிக்கூடத்துப் பெட்டியில் மட்டும் அவர் பெயருக்கு நேரே மூன்று மூன்றாகக் கொட்டிக் கிடந்ததாகக் கதை.

முடிவு வந்த மூன்றாம் நாள் பின்னேரம், மார்கரெட் வேலையால் வந்து தாதி உடுப்பை மாற்றமுன், கதவு தட்டப்பட்டது. உறுப்பினர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே வரலாமா என்று கேட்டார். குசினியில் கட்லட் இருந்தது. மார்கரெட் கதவைத் தனக்குப் பின்னால் சாத்தினாள்.

"பள்ளி விடுகிற நேரம். என்னோடு நடந்து வாருங்கள்."

வீதிக் கரையில் நாடா கட்டிய கம்பு இந்த முறை இன்னும் பிடுங்கப்படாமல் நின்றது. மணி அடித்தது. மறுகரையில் பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். லொறி ஒன்று போனது, அதன் வாலைப் பிடித்தபடி இன்னொன்று. உறுப்பினர் ஒரு காலை இறக்கினார், எடுத்தார். மறுபடி இறக்கினார். ஒரு பையன் இடைவெளி கண்டு குறுக்கே ஓடி வர, அவர் தன்னை மறந்து இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார். தொப்பி விழுந்தது. அதை எடுத்தபோது முகத்தில் அந்தச் சிரிப்பைக் காணவில்லை.

"மிஸிஸ் அருமைநாதன்" என்றார். பெயரைப் பாடமாக்கி வந்திருந்தார். கை பழக்கத்தில் நெஞ்சுக்குப் போனது. "இதை என்னிடம்..."

"இல்லை. உங்களிடம் விடமாட்டேன். இது என்னிடமே இருக்கட்டும். திகதியைச் சொல்லுங்கள்."

அவர் வீதியைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். "ஜூன் மாதத்துக்குள்" என்றார்.

"ஜூலை முதலாம் திகதி விளக்கு எரியாவிட்டால், பள்ளி விட்டதும் இந்தப் பிள்ளைகள் எல்லாரும் உங்கள் அலுவலகத்துக்கு வருவார்கள். நான்தான் கூட்டிக்கொண்டு வருவேன்."

விளக்கு ஜூனில் எரிந்தது. இதை இப்போதே சொல்லாவிட்டால் உங்களுக்கு நித்திரை வராது. ஆனால் அன்றைக்கு அது ஒருவருக்கும் தெரியாது. மார்கரெட் கையை உயர்த்திக்கொண்டு வீதிக்குள் இறங்கினாள். ஒரு லொறி கிரீச்சிட்டு நின்றது. உறுப்பினரும் பின்னால் இறங்கி, தொப்பியை ஆட்டி மற்றப் பக்கத்து வாகனங்களை மறித்தார். பிள்ளைகள் கடந்தார்கள். ரஞ்சினி கயிறு போட்டுக் கட்டிய பையோடு வந்து தாயின் கையைப் பிடித்தாள். வீதி நடுவில் நின்று வேர்த்து வழிகிற மனிதரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஹூ இஸ் தற் மான், மம்?"

"எங்களிட்டை வேலை செய்யிறவர், பிள்ளை. இண்டைக்குத்தான் வேலைக்கு வந்திருக்கிறார்."