பெயர் சேர்த்த தலையங்கம்

செஞ்சிக் கடைத்தெருவில் காஸ்பர் நடத்திய வாரப் பத்திரிகைக்கு ஆசிரியர், நிருபர் எல்லாம் அவர் ஒருவரே. அவர் எழுதுவதை ஈய எழுத்துகளாகக் கோப்பவள் மனைவி லூர்துமேரி. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம், அரிசிக்கு ரேஷன்.

ஒருநாள் ரோஷன் பீ அச்சகத்துக்கு வந்தாள். காய்ச்சலில் கிடக்கும் மகளுக்குக் கஞ்சி வைக்க மூன்று நாள் ரேஷன் கடை வரிசையில் நின்றும் அரிசி இல்லையென்றுவிட்டார்களாம். மூன்றாம் நாள் கடையின் பின்வாசலில் மூட்டைகள் வண்டியேறியதைக் கண்ணால் பார்த்தாளாம். சொல்லும்போது அவள் அழவில்லை. அதுதான் லூர்துமேரியை என்னவோ செய்தது. அந்தக் கடை லூர்துமேரியின் அண்ணன் தோமினிக்குடையது.

காஸ்பர் இரண்டு நாள் அலைந்து விசாரித்துத் தலையங்கம் எழுதினார். செத்தவர்களின் கார்டுக்குக்கூட அரிசி போட்டதாக எழுதிக்கொண்டு அந்த அரிசியை வெளியூர் வியாபாரிக்கு அனுப்புகிறார்கள் என்று அதில் இருந்தது. வரிசையில் நிற்கும் பெண்களிலேயே இருவர் இனி மூட்டை பிரிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். கடைக்காரர் பெயர் மட்டும் இல்லை. 'ஒரு கடையில்' என்றிருந்தது.

பாதி கோத்த லூர்துமேரி நிமிர்ந்தாள். "பேரு எங்க? ஊர்ல நாலு கடை இருக்குது. மத்த மூணு பேரையுமில்ல சந்தேகப்படுவாங்க?"

காஸ்பர் பேனாவைக் கீழே வைத்தார். "உனக்குன்னு இருக்கிறது ஒரே அண்ணன், மேரி. இன்னா செய்யச் சொல்ற?"

தாய் போனபின் அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவன் தோமினிக். அவள் 'ஒரு' என்பதை எடுத்துவிட்டு, அண்ணன் பெயரை எழுத்தெழுத்தாகக் கோத்தாள். ஓர் எழுத்து நழுவித் தரையில் விழுந்தது. காஸ்பர் குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

பத்தே நாளில் தாசில்தார் வந்து விசாரித்தார். கடை வேறு கைக்குப் போயிற்று. மூட்டை பிரிக்கும்போது நிற்க வந்த இரு பெண்களில் ரோஷன் பீயும் ஒருத்தி. தோமினிக் மாதா கோயிலில் தங்கையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டான். செய்தது தப்பு என்று அவளுக்கு ஒருபோதும் தோன்றவில்லை. ஆனால் சோறுதான் இறங்கவில்லை.

ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் காஸ்பர் மச்சான் வீட்டுக்கு நடந்தார். உள்ளே வா என்று கூப்பிட ஆளில்லை. வாசலில் நின்று இரண்டு வார்த்தை தானாகவே பேசிவிட்டுத் திரும்புவார்.

ஐந்தாவது ஞாயிறு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னார். "இன்னிக்கு மச்சான் வாயைத் தொறந்தாரு."

"அண்ணன் இன்னா சொல்லிச்சு?"

"மேரி ஒழுங்கா சாப்புடுறாளான்னு கேட்டாரு."

லூர்துமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு இரண்டு தட்டுகளை எடுத்து வைத்து, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.