பத்துக்குப் பத்து

இளைஞர் நலப்பணிப் பட்டப்படிப்பின் இறுதியாண்டு. நம்பிக்கையே இப்பணியின் முதுகெலும்பு என்று கல்லூரி மேடைகளிலெல்லாம் முழங்கியவள் நான்; அதை முறித்தவளும் நானே!

பயிற்சிக்காக நான் சென்ற இளைஞர் மையத்தில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். எல்லோருக்கும் அவள் 'வாயாடி'. ஒருநாள் மேசைப்பந்து மட்டையின் ரப்பரைச் சுரண்டியபடி சொன்னாள்: "அக்கா, மூணு வாரமா ஸ்கூலுக்குப் போகல. யூனிஃபார்ம் போட்டுக் கிளம்பி, சலவைக்கடை பின்னாடி உக்காந்துக்கறேன். அம்மாகிட்ட நானே சொல்லணும். நீங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"மூச்சு விடமாட்டேன்டி" என்றேன்.

அடுத்த மாதம் உரையாடல் தேர்வு. துயருற்ற இளைஞராக ஒரு தோழி நடிக்க, நான் ஆறுதல் கூற வேண்டும். வசனம் எழுத அமர்ந்தேன், கற்பனை கைகொடுக்கவில்லை. வாயாடியின் சொற்கள் கைகொடுத்தன. பெயரை நீக்கினேன். சலவைக்கடையை நீக்கவில்லை.

மதிப்பெண் இடுவோர், மையங்களிலிருந்து வரும் இளைஞர்கள் மூவர். யாரென்று முன்கூட்டிச் சொல்வதில்லை. கதவு திறந்தது. நடுவில் வந்தவள் வாயாடி!

நிறுத்தியிருக்கலாம். நாக்கு இருந்தது, நேரம் இருந்தது, நெஞ்சுதான் இல்லை. தோழி சலவைக்கடை என்றதும், வாயாடிக்கு அருகிலிருந்த பெண் திரும்பி அவளையே பார்த்தாள். வாயாடி தன் செருப்பைப் பார்த்தாள். நான் ஆறுதலை அழகாகக் கூறி முடித்தேன். கைதட்டல் எழுந்தது.

நடைபாதையில் அவளை மறித்தேன்.

"பத்துக்குப் பத்து போட்டுட்டேன்க்கா."

"ஏன்டி?"

"ஃபெயிலானா திரும்ப எங்க மையத்துக்குத்தானே அனுப்புவாங்க? அதான்." பையைத் தோளில் மாட்டினாள். "பக்கத்துல இருந்தவ எங்க மாடிவீடு. சலவைக்கடை பின்னாடி என்னைப் பாத்திருக்கா. சாயங்காலத்துக்குள்ள அம்மா காதுக்குப் போயிடும். நான் முந்திக்கணும்."

"நானும் கூட வரட்டுமா?"

"எதுக்கு? வசனம் எழுதவா?"

போய்விட்டாள். நான் பேராசிரியர் அறைக்குள் நுழைந்தேன்.

"வாம்மா! வகுப்புலயே நீதான் முதல்."

"சார், அது நான் எழுதினதில்ல. ஒரு பொண்ணு என்னை நம்பிச் சொன்னது. அந்த மார்க்கை அடிச்சிடுங்க. பயிற்சிக்கு முதல்லேருந்து அனுப்புங்க. அவ இருக்கற மையத்துக்கு மட்டும் வேண்டாம்."

அவர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். அந்நேரம் அவள் தாயின் எதிரில் நின்றிருப்பாள், தன்னந்தனியாக.