மூக்கு டின்

டமார்!

பாறையில் மோதித் திரும்பி வந்த அந்தச் சத்தத்தில் முப்பந்தல் ஆலமரத்துக் காக்கைகள் மொத்தமும் கிளம்பிப் பறந்தன. மோட்டார் சைக்கிளின் பின்குழாய் கரும்புகையை ஒரு குத்தாகக் கக்கியது. என்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. பிறகு ஆரல்வாய்மொழிக் கணவாயில் வாடைக்காற்றின் இரைச்சல் மட்டும்தான் கேட்டது.

"என்னண்ணே?" என்றான் பின்னால் உட்கார்ந்திருந்த சுயம்பு.

"ஒண்ணும் இல்ல மக்கா. இறங்கு. இப்பம் சரியாக்கிரலாம்" என்றார் பொன்னுலிங்கம்.

விடிகாலை மணி ஐந்தே முக்கால். எட்டே முக்காலுக்குத் திருநெல்வேலியில் ரயில் ஏறவேண்டும். அதில் ஏறினால் நாளைக்குத் தனுஷ்கோடியில் கப்பல். அந்தக் கப்பல் தலைமன்னார் போய்ச் சேரும் நாள்தான் சுயம்புவின் அனுமதிச் சீட்டில் குறித்திருந்த கடைசி நாள். ஒரு நாள் தவறினாலும் இலங்கை அதிகாரிகள் அவனைக் கரையில் இறங்க விடமாட்டார்கள். பழைய காலம்போல நினைத்தபோது போய்வர முடியாது. சட்டம் இறுகிவிட்டது. இப்படித் தேதி தவறி, கொழும்பில் பத்துப் பதினைந்து வருஷம் பார்த்த வேலையை அப்படியே விட்டுவிட்டு ஊரில் உட்கார்ந்திருப்பவர்கள் கோட்டாற்றிலேயே நாலைந்து பேர் உண்டு.

அப்பா செத்ததற்குக் கொழும்பிலிருந்து வந்தவன் சுயம்பு. காரியம் முடிந்ததுமே கிளம்பியிருப்பான். அண்ணன் பொன்னுலிங்கம்தான் விடவில்லை. "இன்னும் நாலு நாள் நில்லு மக்கா" என்றார். அந்த நாலு நாள் மூன்று தடவை வந்தது. பிறகு மலைக்காய்ச்சல் வந்து ஒரு மாதம் பாயில் போட்டது. கடைசியில் நேற்று மத்தியானம், "பஸ்ல போயி ராத்திரி திருநெல்வேலியிலே தங்கிருதேன் அண்ணே" என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நான் வண்டி வச்சிருக்கும்போ நீ பஸ்ல போறதா? கோட்டாறே சிரிக்கும். அஞ்சு மணிக்கு விட்டா ஏழரைக்கு ஸ்டேஷன்லே காப்பி குடிக்கலாம்" என்றார் பொன்னுலிங்கம்.

அந்த வண்டியின் மேல் அவருக்கு அப்படி ஒரு பெருமை. யுத்தத்தில் ஓடிய வண்டி. பட்டாளச் சாமான் ஏலத்தில் பிடித்து, கோட்டாற்றில் தன் ரிப்பேர் கடையில் எலும்பு எலும்பாகப் பிரித்துக் கோத்தார். வரும்போதே அதற்கு ஒரு குறை இருந்தது. என்ஜின் இழுக்கும் காற்றை வடிகட்டும் பாகம் எங்கேயோ போய்விட்டிருந்தது. கார்புரேட்டரின் வாய் திறந்து கிடந்தது. ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் காற்று அள்ளியடிக்கும் மணலையெல்லாம் அது அப்படியே விழுங்கும். இரண்டு தடவை பிஸ்டன் தேய்ந்து வண்டி படுத்துவிட்டது.

ஆகவே அதற்கு ஒரு மூக்கு செய்து வைத்தார்.

பால்பவுடர் டின் ஒன்றின் முகப்பில் ஆணியால் வரிசையாகத் துளை போட்டார். உள்ளே இரண்டு கம்பி வலைகளுக்கு நடுவே தேங்காய் நார்த் தும்பைத் திணித்தார். டின்னின் பின்வாயைச் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றால் கார்புரேட்டரோடு இணைத்துக் கம்பியால் முறுக்கினார். தும்பில் எண்ணெய் இருந்தால்தான் தூசு ஒட்டும். முதலில் என்ஜின் ஆயிலில் நனைத்துப் பார்த்தார். அதை என்ஜின் உறிஞ்சிப் புகை கக்கியது. பிறகுதான் தேங்காயெண்ணெய் ஊற்றினார். புகை இல்லை, நாற்றமும் இல்லை. கடை வேலை ஓயும் மத்தியானங்களில் தோவாளைவரை ஐந்து தடவை ஓட்டிப் பார்த்தார். வண்டி பூப்போல ஓடியது.

"வண்டிக்கு எண்ணெய் தேச்சாச்சு. இனி சீயக்காயும் தேச்சு முழுக்காட்டுங்கோ. வீட்டிலே இருக்கவ தலை காஞ்சு கிடந்தா என்ன?" என்றாள் அவர் மனைவி பகவதி.

"ஏட்டி, உனக்குத் தலையிலே முடி கொட்டினா முளைக்கும். பிஸ்டன் முளைக்குமா?" என்றார் அவர்.

சுயம்பு வாய்விட்டுச் சிரித்தான். காய்ச்சலுக்குப் பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான்.

இன்று காலை கிளம்புமுன் நீண்ட ஓட்டமாயிற்றே என்று பகவதியிடம் எண்ணெய்க் குப்பியை வாங்கி, தும்பு நன்றாக ஊறும்படி ஒரு சிரட்டை கூடுதலாகவே ஊற்றினார்.

இப்போது வண்டி இசக்கியம்மன் கோயிலுக்குச் சற்று இப்பால் செத்து நிற்கிறது.

பொன்னுலிங்கம் பிளக்கைக் கழற்றினார். கரி பிடித்து, பெட்ரோலில் நனைந்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, ஊதி, மாட்டி உதைத்தார். என்ஜின் கிளம்பி உறுமியது. அவர் முகம் மலர்ந்தது. மறுபடி இருமி நின்றுவிட்டது.

அந்த நேரம் பின்னால் விளக்கு தெரிந்தது. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் முதல் பஸ். முப்பந்தலில் எந்த வண்டியும் இசக்கியம்மனுக்குக் காணிக்கை போடாமல் தாண்டாது. பஸ் நின்றது. கண்டக்டர் சுடலையாண்டி இறங்கி ஓடிப்போய் உண்டியலில் காசைப் போட்டுவிட்டுத் திரும்பினான். பொன்னுலிங்கத்தைப் பார்த்ததும் அவனுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது.

"என்ன அண்ணாச்சி! வெள்ளைக்காரன் வண்டி இசக்கிக்குக் காணிக்கை போடாம நவுர மாட்டேங்குதோ?"

"போலே! பிளக்கிலே கரி. அவ்வளவுதான்."

"தம்பி கப்பலுக்குப் போற ஆளாச்சே. ஏறும் தம்பி, இடம் இருக்கு. எட்டரைக்கு முன்னால ஸ்டேஷன் வாசல்லே விட்டிருதேன்."

சுயம்பு தகரப்பெட்டியை அவிழ்த்துக் கையில் எடுத்துவிட்டான். ஒரு காலைப் படியிலும் வைத்துவிட்டான். பொன்னுலிங்கம் வந்து அந்தப் பெட்டியைப் பிடித்தார்.

"ரெண்டு நிமிஷம் மக்கா. இப்பம் கிளம்பிச்சுதா இல்லியா? சத்தத்தை நீயே கேட்டியே."

"இல்லண்ணே... நேரம்..."

"பஸ்ஸு ஊரூரா நின்னு போகும். பணகுடி தாண்டுததுக்குள்ள இவனைப் பிடிச்சிருவேன். என் கையிலே உனக்கு நம்பிக்கை இல்லியா?"

சுயம்பு அண்ணன் முகத்தைப் பார்த்தான். பஸ் படியைப் பார்த்தான். பிறகு காலை எடுத்துக் கீழே வைத்தான்.

"ரைட்!" என்றான் சுடலையாண்டி. பஸ்ஸின் சிவப்பு விளக்கு வளைவில் திரும்பி மறைந்தது.

இரண்டு நிமிஷம் பத்து நிமிஷம் ஆயிற்று. பத்து அரை மணி ஆயிற்று. பெட்ரோல் அதிகமாக வருகிறது என்று தீர்மானித்து, தரையில் துண்டை விரித்து, கார்புரேட்டரின் கிண்ணத்தைப் பிரித்துத் துடைத்து மாட்டினார். இரண்டு வெடிப்பு, அப்புறம் மௌனம். தீப்பொறியில் கோளாறு என்று மேக்னெட்டோவைத் திறந்தார். பொறி பளிச்சென்று வந்தது. மறுபடி பிளக். மறுபடி கரி. மார்கழிக் குளிரிலும் அவருடைய பனியன் வியர்வையில் ஒட்டிக்கொண்டது. வெளிச்சம் வந்து மலை முழுதாகத் தெரியலாயிற்று.

"அண்ணே, அந்த டின்னைக் கழத்திப் பாத்தா என்ன?" என்றான் சுயம்பு மெல்ல.

"அதிலே கெட்டுப்போக என்னலே இருக்கு? தகரம், தும்பு, எண்ணெய். நானாக்கும் செஞ்சது!"

சுயம்பு ரோட்டின் நடுவே போய் நின்றுகொண்டு, தெற்கே ஏதாவது வண்டி வருகிறதா என்று பார்த்தான். ஒரு வைக்கோல் வண்டிதான் வந்தது.

ஏழே காலுக்கு, பிரிக்க வேறு எதுவும் மிச்சமில்லாதபோது, பொன்னுலிங்கம் கம்பி முறுக்கை அவிழ்த்து டின்னை இழுத்தெடுத்தார். வலையைத் தூக்கினார்.

உள்ளே தும்பைக் காணோம். மெழுகு ஊற்றி அடைத்ததுபோல வெள்ளைவெளேரென்று ஒரு கட்டி இருந்தது. விரலால் அழுத்தினார். நகக்குறிதான் விழுந்தது.

மார்கழி பிறந்துவிட்டால் பகவதி எண்ணெய்க் குப்பியை அடுப்புக்குப் பக்கத்தில்தான் வைப்பாள். பதினெட்டு வருஷமாக அவர் பார்க்கிற காரியம். குப்பி உறைந்துபோனால் வெயிலில் வை என்று அவரே சொல்லியிருக்கிறார். இன்று காலை அவள் நீட்டிய குப்பி கையில் இளஞ்சூடாகப் பட்டது. உருகிய எண்ணெயைத்தான் ஊற்றினார். டின் முகத்தை நீட்டிக்கொண்டு பதினொரு மைல் வாடைக்காற்றை நேராக வாங்கியிருக்கிறது. என்ஜின் வேறு உள்ளேயிருந்து அந்தக் குளிரை இழுத்திருக்கிறது. எண்ணெய் உறைந்து, காற்று அடைத்து, வெறும் பெட்ரோலைக் குடித்து மூச்சுத் திணறிச் செத்திருக்கிறது வண்டி.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. மணல் பறப்பது ஆடியில். ஐப்பசி கார்த்திகை மழை பெய்து மண் ஈரமாகக் கிடக்கும் இந்த மாதத்தில் கணவாயில் தூசு ஏது? இன்றைக்கு அந்த டின் தேவையே இல்லை. தம்பி பார்க்கட்டும் என்றுதான் அது வண்டியில் இருந்தது.

டின்னை ரோட்டோரப் பள்ளத்தில் விட்டெறிந்தார். பிளக்கைத் துடைத்து உதைத்தார். ஒரே உதை. வண்டி கணகணவென்று ஓடியது.

"ஏறு மக்கா."

நாற்பது மைல் இருந்தது. ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. காவல்கிணறு, பணகுடி, வள்ளியூர் எல்லாம் பின்னால் ஓடின. நாங்குனேரியில் சந்தைக்குப் போகும் மாடுகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. பொன்னுலிங்கம் ஹாரனை அழுத்திக்கொண்டே மாட்டுக்காரனைக் கெட்ட வார்த்தையில் ஏசினார். மாடுகள் தங்கள் நேரத்துக்குத்தான் நகர்ந்தன. பாளையங்கோட்டை தாண்டி ஆற்றுப்பாலத்தில் ஏறும்போது மணி எட்டு நாற்பத்தாறு.

ஸ்டேஷன் பக்கத்தில் அந்தப் பஸ் காலியாக நின்றுகொண்டிருந்தது. சுடலையாண்டி கையில் டீ கிளாஸ்.

"எட்டு இருபதுக்கே வந்தாச்சு அண்ணாச்சி. பணகுடியிலே பிடிச்சிருவேன்னு சொன்னீங்க!" என்று சிரித்தவன், சுயம்பு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

பிளாட்பாரத்தில் வெறும் தண்டவாளம்தான் கிடந்தது. கூட்டிப் பெருக்குகிறவன் வாழையிலைகளைக் குவித்துக்கொண்டிருந்தான்.

"போயி ஆறு நிமிஷம் ஆச்சு. அடுத்தது சாயங்காலம்" என்றார் டிக்கெட் கொடுக்கிறவர்.

"அதில போனா நாளைக்குக் கப்பல் கிடைக்குமா?" என்று கேட்டார் பின்னாலேயே ஓடிவந்த பொன்னுலிங்கம்.

"கிடைக்காது. நீங்க தனுஷ்கோடி போறதுக்கு முந்தியே கப்பல் போயிருக்கும். அதுக்கு அடுத்தநாள் கப்பல்ல போங்க."

"அதுக்கு அடுத்தநாள் விடமாட்டாங்க ஐயா" என்றார் பொன்னுலிங்கம். "தூத்துக்குடியிலேருந்து ஏதாவது...?"

"இந்த வாரம் ஆள் ஏத்துற கப்பல் கிடையாது."

சுயம்பு திரும்பி நடந்து, பிளாட்பாரத்தின் கோடியில் பெட்டியைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து அனுமதிச் சீட்டை எடுத்தான். விரித்துப் பார்த்தான். மடித்து வைத்தான். மறுபடி எடுத்தான். நாலைந்து தடவை இப்படிச் செய்தான். பிறகு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள்கள் மட்டும் குலுங்கின.

பொன்னுலிங்கம் அவன் எதிரே நின்றார். கையில் கரியும் எண்ணெயும் இருந்தன. அந்தக் கையால் அவனைத் தொட அவருக்குத் துணிவு வரவில்லை. 'ஏசு' என்று சொல்ல நினைத்தார். 'அடி' என்று சொல்ல நினைத்தார். அவன் ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூடத் தேவலை.

அரை மணி நேரம் போயிற்று. ஒரு கூட்ஸ் வண்டி நிற்காமல் கடந்தது.

"என்னாலதான் எல்லாம்" என்றார் கடைசியில். "பஸ்ஸுல ஏறினவனை நானாக்கும் இறக்கினேன். அதை இல்லேன்னு சொல்லல. ஆனா வேலைதானே மக்கா? சவம், போனாப் போட்டும். முதலாளிக்கு ஒரு தந்தி அடிச்சிரலாம். என் கடையிலே பாதி உனக்கு. நீயும் நானும் சேர்ந்து பாத்தா நல்லா நடக்கும். நீ அந்நிய ஊர்லே கிடந்து கஷ்டப்பட்டது போதும். தை பிறக்கட்டும். பகவதிகிட்டச் சொல்லி நல்ல இடத்திலே பெண்ணு பாத்து உனக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைக்கேன். கேட்டியா மக்கா? ஏலே, தலையை நிமித்து. என்னைப் பாரு."

சுயம்பு நிமிர்ந்தான். கண்கள் சிவந்திருந்தன. அண்ணனைப் பார்க்காமல், தண்டவாளம் போன திக்கையே பார்த்துக்கொண்டு சொன்னான்:

"நாளைக்கழிஞ்சு காலையிலே கொழும்பு ஸ்டேஷன்லே எம் பொண்டாட்டி, நான் இன்னும் பாக்காத பிள்ளையை இடுப்புலே வச்சுக்கிட்டு வந்து நிப்பா அண்ணே."