நல்ல நூல்

மண்ணைப் பற்றிப் பாடம் நடத்துகிறவனை எந்த ஊரிலும் யாரும் பெரிய ஆளாக நினைப்பதில்லை. கிருஷ்ணன்கோவில் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நான் சிவில் மாணவர்களுக்கு அந்தப் பாடம் எடுத்த காலத்தில், ராஜபாளையத்திலிருந்து என்னோடு பஸ்ஸில் வருகிறவர்கள் என்னை 'மண்ணு சார்' என்றார்கள். கொஞ்சம் பழகியதும் 'சார்' போய்விட்டது.

அப்படிப்பட்டவனைத் தேடி ஒருத்தர் வீட்டுக்கே வந்தால் எப்படி இருக்கும்? பரிபூரணம் அக்கா வந்தபோது, குழம்பு ஊற்றிய சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அது 1997, ஆனி மாதம்.

அக்கா எங்கள் தெருதான். வீட்டுக்காரர் தவறிய பிறகு, பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறிகளைத் தனியாக நடத்தி வந்தார். தறிகள் ஓடியது ஸ்ரீவில்லிபுத்தூரில், வீட்டுக்காரரின் தம்பி ரத்தினத்துக்குச் சொந்தமான ஷெட்டில். கார்த்திகைக்குள் ஷெட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் ரத்தினம். அக்காவுக்கென்று இருந்தது ஒரே ஒரு இடம். செட்டியார்பட்டிக்குப் போகிற வழியில், கண்மாயை ஒட்டி. அதில் அவர் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் எழுப்பிய சுற்றுச்சுவர், மூன்றே மழையில் இடுப்பு வரை உள்ளே போய், கண்மாயைப் பார்த்துக் கும்பிடுகிற மாதிரி சாய்ந்து நின்றது.

"அங்கதான் ஷெட் போடப் போறேன்னு கொழுந்தன்கிட்ட சொன்னேன் தம்பி. 'போடுங்க மதினி, தவளை வந்து தறி ஓட்டும்'ங்கான். இனி உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஷெட் நிக்குமா, நிக்காதா? என்னை நம்பித் தறியில நிக்குத பிள்ளைகளுக்கு நான் பதில் சொல்லணும்."

மறுநாள் போய்ப் பார்த்தோம். கூட வந்தவர் போர் போடுகிற பால்பாண்டி. அவர் கடப்பாரையை மண்ணில் ஊன்றிவிட்டுக் கையை எடுத்தார். அது வேலை நேரம் முடிந்த ஆளைப் போல நிதானமாகக் கீழே இறங்கியது.

"இது மண்ணு இல்ல சார்," என்றார் பால்பாண்டி. "கருப்பட்டி போடாத களி."

அந்த மாதிரி இடத்தில் ஆழமாகக் கான்கிரீட் தூண் இறக்குவார்கள். அது மில் முதலாளிகளுக்குக் கட்டுப்படியாகும். அக்காவுக்கு ஆகாது. மலிவான வழி ஒன்று உண்டு. இரும்புக் குழாயை மண்ணில் இறக்கி, உள்ளே ஜல்லியைக் கொட்டி இடித்து, குழாயை உருவிவிட்டால் மண்ணுக்குள் கல்லாலேயே ஒரு தூண் நிற்கும். ஆனால் சுற்றியிருக்கிற மண் அந்த ஜல்லியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்தச் சேறு யாரையும் பிடித்துக்கொள்கிற ரகம் இல்லை. மேலே கனம் ஏறியதும் ஜல்லி பக்கவாட்டில் பிதுங்கிவிடும்.

இதை அக்காவுக்கு விளக்க எனக்கு வேறு சாதனம் கிடைக்கவில்லை. பெல்ட்டைக் கழற்றினேன்.

"இந்த வயித்தப் பாருங்கக்கா. பெல்ட் இல்லாட்டி இப்படித்தான் தள்ளும்."

"தெரியுது."

"இப்ப பெல்ட் போடுதேன். பாத்தியளா?"

"போதும் தம்பி, புரிஞ்சிட்டு. சட்டைய இழுத்து விடுங்க, ரோட்டுல ஆளு போகுது."

ஜல்லிக்குப் போடுகிற அந்த பெல்ட்டைப் பற்றி நான் படித்தது கல்லூரி நூலகத்துக்கு வந்த ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில். என்னைத் தவிர அதை எடுத்தவர் கிடையாது. பிளாஸ்டிக் இழையில் நெய்த கெட்டித் துணியை நீளமான குழாய்ப் பையாகத் தைத்து, அதற்குள் ஜல்லியைக் கொட்டுகிறார்கள். துணி தண்ணீரை விடும், கல்லை விடாது. மண்ணுக்குள் எத்தனை வருடம் கிடந்தாலும் மக்காது.

"அப்ப நிலத்துக்கே பேண்டேஜ் போடணும்ங்கிய," என்றார் அக்கா.

"ஆமாக்கா."

"பரவால்ல. தெரிஞ்ச தொழில்தான்."

துணி பம்பாயிலிருந்து சுருளாக வந்தது. அதைக் குழாயாக மூட்டித் தைக்கிற வேலையை அக்காவின் ஷெட்டில் வேலை பார்த்த அழகுத்தாய் எடுத்துக்கொண்டாள். சாக்கு தைக்கிற மெஷினில் அவள் கை ஓடுவதைப் பார்த்தால் நமக்கும் ஏதாவது தைக்கக் கொடுக்கலாமா என்று இருக்கும். நான் பெரிய மனிதத் தோரணையில் பின்னால் கை கட்டி நின்று சொன்னேன்:

"தையல்லதாம்மா எல்லாம் இருக்கு. நல்ல நூலாப் பாத்து, ரெட்டைத் தையலாப் போடு."

"நல்ல நூலுதான சார், விடுங்க," என்றாள்.

முதலில் இரண்டு தூண்களை மட்டும் இறக்கிச் சோதித்தோம். ஒன்று வெறும் ஜல்லி. இன்னொன்று துணிக்குள் ஜல்லி. பால்பாண்டியின் ஆட்கள் அவற்றுக்கு 'மொட்டையன்', 'சட்டைக்காரன்' என்று பெயர் வைத்தார்கள். இரண்டின் தலையிலும் பலகை போட்டு மணல் மூட்டைகளை அடுக்கினோம். சாயங்காலத்துக்குள் மொட்டையன் மண்ணுக்குள் குனிந்துவிட்டான். சட்டைக்காரன் லேசாக உட்கார்ந்து, பிறகு அசையவே இல்லை. விஷயம் பஸ் வரை போய், அங்கேயும் எனக்கு 'சார்' திரும்பக் கிடைத்தது. ஆடி முடிவதற்குள் இடம் முழுக்கச் சட்டைக்காரர்களை இறக்கிவிட்டோம்.

தைத்ததில் மிஞ்சிய ஒரு துணி உறையில் யாரோ மண் நிரப்பி, வாசலில் எப்போதும் ஈரம் தேங்குகிற பள்ளத்தில் மிதிகட்டை மாதிரி போட்டார்கள். எல்லோரும் அதை மிதித்துத்தான் உள்ளே வருவோம். புரட்டாசியில் முதல் மழை பெய்த மறுநாள், அஸ்திவாரத்துக்குக் கயிறு பிடிக்க நான் புதுப் பேண்ட் போட்டுக்கொண்டு வந்தேன். உறை மேல் கால் வைத்தேன். கால் உள்ளே போனது. மீதி உடம்பும் பின்னாலேயே போனது.

சேற்றில் உட்கார்ந்திருந்தேன். அக்காவைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறையைப் பார்த்தேன். துணியில் ஒரு கீறல் இல்லை. தையல் மட்டும் தலையிலிருந்து கால் வரை பிரிந்து கிடந்தது. தொங்கிய நூலைப் பிடித்து இழுத்தேன். ஊறிய சேமியா மாதிரி கையோடு வந்தது.

"அழகு, இது என்ன நூலு?"

"நல்ல நூலு சார். நம்ம தறியில ஓடுதது. சுத்தப் பருத்தி."

"பருத்தியா?"

"பின்ன? நல்ல நூலுன்னு நீங்கதான சொன்னிய. நைலானெல்லாம் ஒரு நூலா? அதப் போட்டா அக்கா என்னைத்தான் வையும்."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. பஞ்சு மில் சங்கு ஊதித்தான் விடிகிற ஊரில், நல்ல நூல் என்றால் வேறு என்ன அர்த்தம்? அந்த வார்த்தையைச் சொன்ன நான் பிறந்ததும் இதே ஊரில்தான். எனக்கும் அன்றைக்கு அது என்ன நூல் என்று கேட்கத் தோன்றவில்லை. நல்ல நூலில் படித்ததை நல்ல நூலால் தைத்துக் கெடுத்திருந்தோம். மக்காத துணிக்கு மக்குகிற தையல். மண்ணுக்குள் இருக்கிற அத்தனை சட்டைக்காரர்களுக்கும் பொத்தான் கழன்றுகொண்டிருந்தது.

அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இது வாசல்ல கெடந்தது. உள்ள எறக்குனதெல்லாம் இப்படித்தான் ஆகுமா?"

"ஆகும்க்கா. இதவிடக் கொஞ்சம் மெதுவா."

"ஷெட்டு?"

"இப்பக் கட்டுனா, கொஞ்ச நாள் நல்லா நிக்கும். பொறவு எங்க எறங்கும், எப்ப எறங்கும்னு சொல்ல முடியாது. தறி ஓடிக்கிட்டு இருக்கும்போதுகூட எறங்கலாம்."

சாய்ந்து நின்ற பழைய சுற்றுச்சுவரை அக்கா பார்த்தார். அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

அன்று பஸ்ஸில், ஈரப் பேண்ட்டோடு யாரும் பக்கத்தில் உட்காராத சீட்டில் இருந்து யோசித்தேன். தூண்களைத் திரும்ப உருவ முடியாது. ஆனால் ஜல்லித் தூணுக்கு இன்னொரு குணம் உண்டு. சேற்றுக்குள் இருக்கிற தண்ணீருக்கு அது வெளியே வருகிற வழி. மேலே கனத்தை ஏற்றிவிட்டுக் காத்திருந்தால், தண்ணீர் அந்த வழியாக மேலே ஏறும், சேறு இறுகும். தையல் இற்றுப்போகிற நேரத்தில் சேறே தூணைப் பிடித்துக்கொள்கிற அளவுக்குத் தேறிவிடலாம். இரண்டில் எது முந்தும் என்பதுதான் கேள்வி. சேற்றை முந்த விடுவதற்குத் தேவை மண் மேடும், பொறுமையும். தை மாதம் வரை பொறுக்க வேண்டும்.

அக்காவிடம் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப கார்த்திகைக்குத் தறிய எங்க வைக்க?" என்றார். அதற்கு ஒரே பதில்தான் இருந்தது. அவரே புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாங்க, வில்லிபுத்தூர் போவோம்," என்றார்.

ரத்தினம் ஷெட்டுக்கு எதிரே, தன் வீட்டுத் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்தார். எழுந்ததை மறைக்க வேட்டியை மடித்துக் கட்டினார்.

"என்ன மதினி, வாசப்படி மிதிக்க மாட்டேன்னிய."

"மிதிக்கலையே. கீழதான நிக்கேன்."

"தவளைக்குத் தறி பழக்கிட்டியளா?"

"தவளையே அங்க இருக்க மாட்டேங்குது ரத்தினம். தை கழிஞ்சு ஷெட் எழும்புத வரைக்கும் எடம் வேணும்."

அவர் என் பக்கம் திரும்பினார். நான் முழுக் கதையையும் சொன்னேன். ஜல்லி, உறை, நூல், தையல் எல்லாம். பெல்ட்டை மட்டும் கழற்றவில்லை.

"சோதிச்சுப் பாத்தப்ப நல்லா நின்னுச்சுல்ல?" என்றார் ரத்தினம்.

"நின்னுச்சு அண்ணாச்சி."

"தூணெல்லாம் மண்ணுக்குள்ள. யாருக்கும் தெரியப் போறதில்ல. நீரு வாய மூடிக்கிட்டு ஷெட்டக் கட்டியிருக்கலாம்லவே?"

"கட்டியிருக்கலாம். ஆனா நான் விழுந்தத அஞ்சாறு பொம்பளையாளுக பாத்துட்டாங்க."

ரத்தினம் என்னை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் எங்கேயோ ஒரு சிரிப்பு கிளம்பியது. அது வாய்க்கு வருவதற்குள் திரும்பி ஷெட்டைப் பார்த்தார். உள்ளே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணன் வாங்கிப் போட்ட தறிகள்.

"எனக்கு அங்க சரக்கு அடுக்கணும்," என்றார். பிறகு, "சரக்குக்கு என்ன, வேற எங்கயாச்சும் போடுவேன். மழைக்குள்ள தறியத் தூக்கிக்கிட்டு எங்கன போவிய? இருங்க மதினி. வந்தது வந்துட்டிய, மேல ஏறி ஒரு காப்பித்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

அக்கா கீழேயே நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.

இடத்தின் மேல் ஆள் உயரத்துக்கு மண்ணைக் கொட்டினோம். ஐப்பசி முழுக்க வானம் மேலே இருந்து ஊற்ற, கீழேயிருந்து தூண் வழியாகத் தண்ணீர் கசிந்து மேட்டின் ஓரங்களில் வழிந்தது. மட்டம் பார்க்கிற டம்பி லெவல் கருவியை வைத்து ஒவ்வொரு வாரமும் பார்ப்பேன். மேடு இறங்கிக்கொண்டே இருந்தது. பார்க்கிறபோதெல்லாம் அக்கா என் முகத்தைத்தான் பார்ப்பார். லெவலில் எழுதியிருப்பது என் நெற்றியில் தெரியும் என்று நினைத்தாரோ என்னவோ. கார்த்திகைக் கடைசியில் இறங்குவது குறைந்தது. மார்கழியில் நின்றது. நான் நம்பவில்லை. லெவலைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். நின்றுதான் இருந்தது.

தையில் மேட்டை வாரிவிட்டு, பால்பாண்டி பழைய கடப்பாரையோடு வந்தார். ஊன்றிவிட்டுக் கையை எடுத்தார். கடப்பாரை நின்றது. "களி வெந்துட்டு," என்றார்.

ஷெட் எழும்பி, வைகாசியில் தறிகளை ஏற்றிக்கொண்டு லாரி வந்தது. முன் சீட்டில் ரத்தினம் இருந்தார். வாசல் பள்ளத்தில் புதிதாக ஒரு உறை கிடந்தது. அழகுத்தாய் தைத்தது. மூட்டில் நைலான் நூல் வெயிலில் மினுங்கியது.

"நல்ல நூலா அழகு?" என்றேன்.

"ச்சீ, நைலானு. எனக்கே தொடப் பிடிக்கல. முதல்ல நீங்க மிதிங்க சார்."

லாரி நின்றது. ரத்தினம், பால்பாண்டி, அக்கா, தறி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் நின்றார்கள். யாரும் மிதிக்காமல் எனக்காக வழிவிட்டு நின்றார்கள். மிதித்தேன். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள்.

கீழே அந்தப் பருத்தி நூல் இந்நேரம் இருந்த இடம் தெரியாமல் போயிருக்கும். இன்றைக்கும் அந்த வழியாக பஸ் போகும்போது, யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் என் கழுத்து தானாகத் திரும்பிவிடும். ஷெட் சுவரின் கீழ் மூலையைத்தான் பார்ப்பேன். விரிசல் இல்லை. தறிச் சத்தம் கேட்டதும் விட்ட பேச்சைத் தொடர்வேன்.