கேரலின் பாஸ்போர்ட் என் மேசையில் இருக்கிறது

1

இந்தக் கதை, ஒரு மாதா கோயில் ஒலிபெருக்கியில் தவறான இடத்தில் வாசிக்கப்பட்ட ஒரு பெயரிலிருந்து வந்தது. அப்போது நான் அங்கே இருந்தேன். பெங்களூர் அல்சூரில் நான் குடியிருக்கும் மாடி வீட்டின் சொந்தக்காரர்கள் கிளிஃபர்டும் குளோரியாவும் அழைத்ததால் போயிருந்தேன். அவர்களுடைய ஒரே மகள் பி.யூ.சி., அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, முடித்துவிட்டாள். கல்லூரியில் சேர்வதற்கு முன் ஓராண்டு ஜெர்மனியில், கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு முதியோர் இல்லத்தில் சேவை செய்யப் போகிறாள். பயணம் நலமாக அமைய ஒரு பூசை, பிறகு வீட்டில் பிரியாணி என்று ஏற்பாடு.

மகளுக்குக் கேரல் என்று பெயர் வைத்திருக்கிறேன். உண்மைப் பெயரை எழுத எனக்குப் பயம். ஏன் என்பது அடுத்த பகுதியில் தெரிந்துவிடும்.

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கேரல் ஒருமுறை திரும்பிப் பார்த் [எல்லோரும் இங்கேதான் ஆரம்பிக்கிறார்கள்.]

கேரலுக்குப் பயம் என்பதே கிடை [எழுதும்போதே நம்பவில்லை.]

2

பூசைக்கு எழுதிவைப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. நன்றிக்காக, நோய் தீர, பயணம் நலமாக, இறந்தவர்களின் ஆன்மா இளைப்பாற என்று ஒவ்வொன்றும் தனி. குளோரியா, கோயில் அலுவலகத்தில் வேலை செய்யும் நோயலுக்குப் போன் செய்து எழுதிவைத்திருந்தார்.

அன்று பூசையில், முன்பின் தெரியாத இரண்டு பெயர்களுக்குப் பிறகு, “கேரல் ஆகியோரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக மன்றாடுவோம்” என்று ஒருவர் வாசித்தார்.

கோயில் மொத்தமும், “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றது. என் பக்கத்தில் நின்ற கேரலும் பழக்கத்தில் சேர்ந்து சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அவள் முகம் மாறியது.

பூசை முடிந்ததும் வாசலில் நோயல் வந்து நின்றார்.

“உங்க வீட்லருந்து எப்பவும் ஆத்மாக்குத்தானே மேடம் எழுதுவீங்க. மாமனாருக்கு, மாமியாருக்கு, அப்புறம் உங்க சிஸ்டருக்கு. உங்க குரல் கேட்டதும் கை அந்தப் பக்கமே போயிடுச்சி.”

“உயிரோட இருக்கறவங்களுக்கு ஒரு வாட்டி கூட எழுதலன்னு குத்திக் காட்றியா?” என்றார் குளோரியா.

“அய்யோ இல்ல மேடம். ஈவ்னிங் பூசையில கரெக்டா படிக்கச் சொல்றேன்.”

“படிச்சத எப்படித் திருப்பி எடுப்ப?”

கிளிஃபர்ட் சிரிக்கப் பார்த்தார். “விடு குளோரி. ஆயுசு கெட்டின்னு அர்த்தம். நோயல், நீ போ மேன்.”

“டாடி, ஒரு பூசை அட்வான்ஸா ஆயிடுச்சி. பின்னாடி மிச்சம்,” என்றாள் கேரல். யாரும் சிரிக்கவில்லை. அவள் விரல்கள் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தன.*

* துப்பட்டா நான் சேர்த்தது. அவள் ஜீன்ஸில் வந்திருந்தாள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். அதை எழுதத் தெரியாமல் துப்பட்டாவைக் கொடுத்தேன்.

3

குளோரியாவை மூடநம்பிக்கை பிடித்த தாயாக எழுதினால் வேலை சுலபம். ஆனால் அவர் பள்ளியில் கணக்கு டீச்சர். அவருடைய பயத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது. மறுநாள் மாடியேறி வந்து மகளின் பாஸ்போர்ட்டை என் மேசைமேல் வைத்தார்.

“சார், இது என்கிட்ட இருந்தா கிழிச்சிடுவேன். அவர்கிட்ட இருந்தா இப்பவே தூக்கி அவ கையில குடுத்துடுவார். நீங்க வச்சிருங்க.”

“கேரல் வந்து கேட்டா?”

“குடுத்துடுங்க. அவளே வந்து கேக்கணும். அவ்ளோதான்.”

“கேக்கலன்னா?”

அவர் திரும்பி நடந்தார். படி இறங்கும்போது நின்றார். “அங்க அவளுக்கு ஒண்ணு ஆச்சின்னா நமக்கு யாரு சார் போன் பண்ணுவா? எந்த பாஷையில பண்ணுவா?”

[இந்தக் கேள்விக்குப் பிறகு என் வாக்கியங்களெல்லாம் சின்னதாகிவிட்டன. திருத்திப் பார்த்தேன், நீளவில்லை.]

பாஸ்போர்ட் என்னிடம் இருப்பது கேரலுக்குத் தெரியும், கிளிஃபர்டே சொல்லிவிட்டார். பெட்டியும் கட்டியாயிற்று. ஆனால் அவள் வரவில்லை. துணி காயப்போட மாடிக்கு வந்தாள், என் கதவைத் தாண்டிப் போனாள், தாண்டித் திரும்பினாள். போயே தீருவேன் என்று வீட்டில் மாதக்கணக்கில் சண்டை போட்டவள் இவள்தானா? என் பாத்திரத்தை எனக்கே சரியாகத் தெரியவில்லை.

4

எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ. போகிறாள். டிசம்பரில் பனியில் நின்று படம் அனுப்புகிறாள். குளோரியா அதை உறவினர் எல்லோருக்கும் அனுப்புகிறார். [குளோரியாவைத் தூங்கவைக்க எழுதியது. கதைக்காக அல்ல.]

ஆ. போகிறாள். பெங்களூரைச் சேர்ந்த பதினெட்டு வயது மாணவி ஒருவர், ஜெர்மனியில் [நிறுத்திவிட்டேன். பத்திரிகையில் இருந்தபோது இப்படித் தொடங்கும் செய்திகள் நிறைய எழுதியிருக்கிறேன். மீதி வாக்கியம் கைக்குத் தெரியும். நோயலின் கைக்குத் தெரிந்த மாதிரி.]

இ. போகவில்லை. பி.காம். சேர்கிறாள். தினமும் சிவாஜிநகரில் பஸ் மாறுகிறாள். [இங்கே அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று எப்படி எழுதுவது? பஸ்ஸில் போனவர்களைப் பற்றியும் செய்தி எழுதியிருக்கிறேன்.]

5

இன்று பயண நாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கேரல் வந்தாள்.

“என்னைப் பத்தி எழுதறீங்களாமே அங்கிள். மம்மி சொன்னாங்க.”

“ஆமாம்மா. பேரை மாத்திட்டேன்.”

“அதுல நான் பாஸ்போர்ட் கேக்கறனா?”

“அது வரைக்கும் இன்னும் எழுதல.”

“எழுதுங்க. படிச்சிட்டு அதே மாதிரி செஞ்சிடறேன்.”

“விளையாடாத.”

“விளையாடல அங்கிள்.” எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். “அன்னைக்கு எனக்காக நானே சேந்து ஜெபம் சொன்னேன். அது மண்டைய விட்டுப் போகவே மாட்டேங்குது. போகாம இருந்துட்டா, இதுக்குப் பயந்துதான் இருந்துட்டேன்னு எனக்கு மட்டும் தெரியும். போயிட்டேன்னா, அங்க சும்மா தலை வலிச்சாக்கூட...”

[இது நான் பாதியில் விட்ட வாக்கியம் அல்ல.]

பாஸ்போர்ட் எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கிறது. அவள் பக்கம் நகர்த்தினால் போ என்று சொன்னதாகும். இழுப்பறையில் வைத்தால் போகாதே என்றாகும். என் இரண்டு கைகளும் விசைப்பலகையில் இருக்கின்றன. அவற்றை எடுக்கப் பயமாக இருக்கிறது. அவள் திரையைப் பார்க்கவில்லை, என் விரல்களைப் பார்க்கிறாள்.

தெருவில் கார் வந்து நிற்கிறது. “ஒந்து நிமிஷா, பர்த்தாளே,” என்று கிளிஃபர்ட் டிரைவரிடம் கன்னடத்தில் சொல்கிறார்: ஒரு நிமிடம், வந்துகொண்டிருக்கிறாள். குளோரியாவின் குரல் கேட்கவில்லை.

“அங்கிள்,” என்கிறாள் கேரல்.

அடுத்த சொல்லை நான் எழுதப்போவதில்லை. பிள்ளையைப் பெற்றவராக இருந்தால் உங்களுக்கு ஒரு சொல் தோன்றும். பதினெட்டு வயதுக்காரராக இருந்தால் வேறொன்று. எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எழுதும்போது அவள் உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் எழுதியதை அப்படியே செய்வதாகச் சொல்லியிருக்கிறாள்.